முன்வரிசையில் நாலு கதிரை

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் ஜெயமலர் மகளின் அலுமாரியைத் திறந்தாள். மாம்பழ நிறப் பட்டுச்சேலையை உருவி எடுத்து, சூட்கேஸின் அடியில், தன் கம்பளிக் காலுறைகளுக்குக் கீழே, களவெடுத்த சாமான் மாதிரித் திணித்தாள்.

பிரான்சின் தெற்குக் கரையில் இருக்கும் நீஸ் நகரத்துக்குத் தாயும் மகளும் குளிர்காலத் திருவிழா பார்க்கப் போகிறார்கள். அதற்குப் பட்டுச்சேலை எதற்கு என்று சாம்பவி கேட்டால் எல்லாம் குழம்பிவிடும். பிறகு அவள் விமானம் ஏறமாட்டாள்.

கைபேசி துடித்தது. கிளடிஸ். பதினெட்டு வருஷம் ஒரே தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று வேலை செய்தவள். சாம்பவிக்கு இந்தக் கலியாணச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

"மலர், பெட்டி கட்டியாச்சோ?"

"மெல்லக் கதையும், அவள் குளிக்கிறாள். பொம்பிளை பாக்கிற அலுவல் எண்டு தெரிஞ்சால் என்னைக் கொல்லுவாள்."

"தெரியாது. நீங்களும் திருவிழா பாக்கப் போறியள், அவையும் பாக்க வருகினம். பக்கத்துப் பக்கத்துக் கதிரை, அவ்வளவுதான். மிதுனன் தங்கமான பொடியன். தாயில்லாத பிள்ளை. மாமியாற்றை கரைச்சலும் இல்லை."

"அதுசரி, அவை இன்னும் பிள்ளையின்ரை சாதகக் குறிப்பைக் கேக்கேல்லை. படமும் என்ரையைத்தானே அனுப்பச் சொன்னனீர்?"

"அவளின்ரை படத்தைக் குடுத்தால் பொடியன் பேஸ்புக்கிலை தேடுவான், அவள் கண்டுபிடிச்சிடுவாள். சும்மா கிடந்து யோசியாமல் இரும்."

யோசியாமல் எப்படி இருப்பது? சாம்பவிக்கு முப்பத்திரண்டு முடிந்துவிட்டது. வந்த மூன்று சம்பந்தத்தையும் தட்டிவிட்டாள். "உங்களைத் தனிய விட்டிட்டு நான் போகமாட்டன்" என்று மூன்று தரமும் ஒரே பதில். தகப்பன் காலமாகி ஒன்பது வருஷம். பிள்ளையின் வாழ்க்கைக்குக் குறுக்கே தானே படுத்துக் கிடப்பதாக நினைத்து நினைத்துத்தான் ஜெயமலர் இந்தக் களவுக்குச் சம்மதித்தாள்.

நெடுஞ்சாலையில் பனி கொட்டியது. லொறிகளுக்கு நடுவே ராக்சி ஊர்ந்தது. ஜெயமலர் கைப்பையைத் திறந்தாள், பூட்டினாள், பிறகும் திறந்தாள்.

"ஏனம்மா நெளியிறியள்? சீற்றிலை எறும்போ?"

"பாஸ்போட் கிடக்கோ எண்டு பாக்கிறன்."

"ஏழு தரம் பாத்திட்டியள். ரிலாக்ஸ்!"

மாப்பிள்ளையின் தகப்பன் நவரட்ணம் அனுப்பிய நிகழ்ச்சிநிரலைக் கைபேசியில் மறுபடி பார்த்தாள். சனிக்கிழமை கடற்கரை வீதியில் பூ ஊர்வலம்; தேர் மாதிரி வண்டிகளில் நின்றபடி சனத்துக்கு மஞ்சள் பூக்களை எறிவார்களாம். அடுத்தநாள் இராட்சதப் பொம்மைகள். அதற்கும் அடுத்தநாள், ரெயிலில் அரைமணித்தியாலம் போனால் எலுமிச்சையும் தோடம்பழமும் அடுக்கிக் கட்டிய யானைகளும் கோட்டைகளும். கடைசியில் ஒரு வரி: 'முன்வரிசையில் நாலு கதிரை எடுத்திருக்கிறேன். கடல்காற்று குளிரும், கழுத்துக்கு ஏதாவது கொண்டுவாருங்கள்.'

சம்பந்தி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நல்ல மனிதனுக்கு முன்னால் மகள் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனால்? முன்வரிசையில் வைத்து மானம் போகாதா?

விமானத்தில் ஏற அழைப்பு வந்தது. சனம் வரிசையில் நின்றது. ஜெயமலர் கதிரையை விட்டு எழும்பவில்லை. பெற்ற பிள்ளைக்குப் பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போக அவளால் முடியவில்லை.

"பிள்ளை, கோவிக்காதை. நான் ஒரு பிழை விட்டிட்டன். அங்கை... உன்னைப் பொம்பிளை பாக்க ஆக்கள் வருகினம். மிதுனன் எண்டு ஒரு பொடியன்."

சாம்பவி கோபிக்கவில்லை. கோப்பியை ஒரு மிடறு குடித்தாள்.

"மிதுனனுக்குக் கலியாணம் முடிஞ்சு ரெண்டு பிள்ளையள் அம்மா."

"என்னடி சொல்லுறாய்? கிளடிஸ் என்னை ஏமாத்திப் போட்டாளோ?"

"பாவம் கிளடிஸ் அன்ரி. அப்பிடிச் சொல்லச் சொன்னதே நான்தான். நானும் மிதுனனும் சேந்துதான் எல்லாம் பிளான் பண்ணினது."

"அப்ப மாப்பிள்ளை ஆர்?"

"மிதுனனின்ரை அப்பா."

ஜெயமலர் நெஞ்சில் கையை வைத்தாள். "ஐயோ, அந்தக் கிழவனோ! உனக்கென்ன விசரோ?"

சாம்பவி தாயின் கழுத்துச் சால்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"பொம்பிளை நானில்லை அம்மா, நீங்கள்தான்."