பதினொரு கோப்பைகள்

“இதுக்குப் பேரு லெட்டூஸ் கீரையா?” என்று கேட்டார் பார்கிட்டர். பாத்தி முழுக்க மஞ்சளாய்ச் சுருண்டு கிடந்தது. இந்த வசந்தத்தில் மூன்றாவது முறையாக நட்ட நாற்று அது.

நார்மன் ஹெஸ்லப் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். வட இங்கிலாந்தில் டர்ஹாம் பக்கம் பதினெட்டு வருஷம் நிலக்கரி வெட்டியவன். சுரங்கத்தை மூடியபின் நாலு வருஷம் வேலையில்லாமல் தெருமுனையில் நின்றவன். அப்படிப்பட்ட குடும்பங்களைத் தெற்கே கொண்டுவந்து, ஆளுக்கு ஐந்து ஏக்கரும் வீடும் செடி வளர்க்க ஒரு கண்ணாடிக் கூடமும் கொடுத்து விவசாயி ஆக்குவது சர்க்காரின் திட்டம். அந்த நாற்பது குடும்பங்களையும் கட்டி மேய்ப்பதுதான் பார்கிட்டரின் உத்தியோகம்.

குனிந்து மண்ணைக் கிளறியவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு சாண் கொத்தச் சொன்னால் இந்த மனிதன் இடுப்பளவு வெட்டியிருக்கிறான். நல்ல மண்ணெல்லாம் அடியில் போய், அடியில் கிடந்த களிமண் மேலே வந்திருந்தது.

“ஆழமா போனாத்தானே ஐயா நல்ல சரக்கு கிடைக்கும்?” என்றான் நார்மன். அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் பார்கிட்டருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வாசலிலிருந்து அவன் மனைவி மெகி, தண்ணீர் அதிகம் என்று போன வாரமே சொன்னதாகக் குரல் கொடுத்தாள். வந்திறங்கிய அன்றே லாரியிலிருந்து வழுக்கி விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டவள். மாவுக்கட்டோடு கை கழுத்திலிருந்து தொங்கியது. புருஷனை நிம்மதியாக வேலை செய்ய விடாமல் நச்சரிக்கிற ரகம் என்று பார்கிட்டர் முதல் வாரமே முடிவு கட்டியிருந்தார். உள்ளே போய் அடுப்பைப் பார்க்கும்படி அவளிடம் சொல்லிவிட்டு, தானும் பின்னாலேயே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நார்மனும் உள்ளே வந்து நின்றான்.

கணப்புக்கு மேலே பதினொரு வெள்ளிக் கோப்பைகள் வரிசையாக நின்றன. லீக் என்கிற வெங்காயத்தண்டை யார் அதிகப் பருமனாக வளர்ப்பது என்று அந்தச் சுரங்க ஊர்களில் வருஷா வருஷம் போட்டி நடக்கும். ஒவ்வொரு கோப்பையிலும் நார்மன் ஹெஸ்லப் என்று செதுக்கியிருந்தது. இருநூறு மனுக்களைத் தள்ளிவிட்டு இவனைப் பொறுக்கியெடுத்த குழுவில் பார்கிட்டரும் இருந்தார். கோப்பைகளைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

“பதினொரு கோப்பை வாங்கினவனுக்கு ஒரு கீரை வளர்க்கத் தெரியலைன்னு நான் நம்பணுமா?” என்றார். “உன் பெண்டாட்டிக்கு ஊருக்குத் திரும்பணும். அதுக்காக நீ வேணும்னே பயிரைச் சாகடிக்கிற.”

நார்மன் இல்லை என்று தலையாட்டினான். திரும்பிப் போக அவர்களுக்கு ஊரில் ஒன்றுமில்லை. பழைய வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டது. கட்டில், மேஜையெல்லாம் விற்றுவிட்டுத்தான் வந்தார்கள். ராத்திரி பகலாக உழைத்ததாகவும், தொட்டதெல்லாம் ஏன் செத்துப்போகிறது என்று தனக்கே விளங்கவில்லை என்றும் தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

பார்கிட்டருக்கும் மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த நிலத்துக்குக் காத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். பையிலிருந்து படிவத்தை எடுத்தார். சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

“ரெண்டு வாரம் பொறுங்க ஐயா,” என்றாள் மெகி. “என் கைக்கட்டைப் பிரிச்சிடுவாங்க.”

“உன் கைக்கும் கீரைக்கும் என்னம்மா சம்பந்தம்?”

நார்மன் காது வரை சிவந்துபோய்த் தரையைப் பார்த்தான். சொல்லாதே என்பதுபோல அவள் முழங்கையைத் தொட்டான். அவள் கேட்கவில்லை.

“எங்க ஊர்ப் போட்டியில பொம்பளைங்க பேரைச் சேத்துக்க மாட்டாங்க.”