கறுப்பு முளைத்த சனிக்கிழமை

முடியின் அடியில் கறுப்பு!

எண்ணெய் வழிந்த விரல்களால் கணவரின் முடியை விலக்கி அவள் மறுபடி பார்த்தாள். நல்லெண்ணெயின் மினுக்காக இருக்கும் என்று முந்தானையால் துடைத்தும் பார்த்தாள்.

கறுப்பேதான்.

பஞ்சாய் வெளுத்துப்போன தலை அது. சிறுநீரகத்தில் புற்று என்று அவர் மாத்திரை விழுங்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே தலை, மீசை, புருவம் எல்லாம் வெளுத்துவிட்டன. நோய்தான் மனுஷனை உறிஞ்சுகிறது என்று சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்க்கையில் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். சண்டாள நோய்.

இன்றைக்கு முளைக்கிற முடி கறுப்பாக முளைக்கிறது.

"ஏங்க, கறுக்குதுங்க! தலை கறுக்குது! நோய் விட்டுட்டுப் போகுதுங்க!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போதும் வடிவு. தண்ணிய ஊத்து."

நல்ல மனுஷன். சந்தோஷத்தைக்கூட வாய்விட்டுச் சொல்லத் தெரியாது.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாத்தனாருக்குப் போன் செய்தாள். எதிர்வீட்டுக்காரியை வாசலில் நிறுத்திவைத்துச் சொன்னாள். அம்மனுக்குப் பட்டு சாத்துவதாக நேர்ந்துகொண்டாள். உளுந்தஞ்சோறு பொங்கி எள்ளுத் துவையல் அரைத்தாள். அவர் துவையலை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முன்னெல்லாம் வாய்ப்புண்ணில் ஒரு மிளகு பட்டாலே வெந்துபோகும். தயிர்ச்சோற்றைக்கூடக் கண்ணில் நீர் வர விழுங்குவார்.

சாப்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தே போனார்.

நடந்தே! உள்ளங்கால் கொப்பளித்து, கக்கூசுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போன ஆள்.

இதை யாரிடமாவது இன்னும் சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஆஸ்பத்திரி ஸ்டெல்லா சிஸ்டருக்குப் போன் போட்டாள்.

சிஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தாள். சந்தோஷப்படவில்லை.

"அக்கா, சார் மாத்திரை சாப்பிடுதாங்களா?"

"என்ன சிஸ்டர் இப்படிக் கேக்கீங்க? நான்லா கையில வச்சுக் கொடுக்கேன்!"

சிஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். புதிதாக ரத்தக்குழாய் முளைக்க விடாத மாத்திரை அது. கட்டிக்குத் தீனி போகாது. முடியை வெளுக்க வைத்ததும் அந்த மாத்திரைதானாம், நோய் இல்லையாம். நிறுத்தினால் முடி மறுபடி கறுக்குமாம். இதையெல்லாம் டாக்டர் ஆரம்பத்திலேயே சாரிடம் சொல்லியாயிற்றாம்.

அவள் போனைக் கீழே வைத்தாள்.

எடுத்தாள். யாரிடம் பேச? வைத்தாள்.

கையில் மாத்திரை கொடுத்து, அவர் தண்ணீர் குடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்பாள். குடித்ததும் அவர் வாய் கொப்பளிக்கக் கொல்லைக்குப் போவார். என்ன சுத்தம் என்று மெச்சிக்கொண்டிருந்தாள்!

அடுக்களைக்குப் போனாள். எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். தெருமுனையை எட்டிப் பார்த்தாள். வரட்டும், இன்றைக்கு இருக்கிறது. என்னை முட்டாளாக்கிவிட்டாரே, ஊரெல்லாம் டமாரம் அடித்துவிட்டேனே, பாவி மனுஷன்.

போன ஸ்கேனில் கட்டி வளராமல் அப்படியே நின்றிருந்தது. மாத்திரை கேட்கிறது என்று டாக்டரே சிரித்தார்.

மாத்திரை நின்றுபோன பிறகு உள்ளே என்ன நடக்கிறதோ?

உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக உறைத்தது. அவர் துவையல் கேட்டது. இரவில் முனகாமல் தூங்கியது. போன வாரம் அவள் இடுப்பைக் கிள்ளிவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பர் படித்தது. விடாமல் அடித்த காய்ச்சல் விட்டாற்போல வீடு லேசாகியிருந்த நாளெல்லாம் மாத்திரை உள்ளே போகாத நாள்.

அந்த நாட்களுக்காகத்தான் அவள் தினமும் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

செருப்புச் சத்தம் கேட்டது. கையில் பையோடு வந்தார், நுங்கு வாங்கி.

அவள் முகத்தைப் பார்த்ததுமே பையைத் தரையில் வைத்துவிட்டார்.

"சிஸ்டர்ட்ட பேசினியோ?"

என்னென்னவோ கேட்பதற்கு அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றுதான் வந்தது.

"நீங்க போயிட்டா நான் யாருக்குங்க சோறு பொங்குவேன்?"

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். தன் பாதத்தைத் தடவிக்கொண்டார். புண் ஆற மாத்திரை அளவைக் குறைத்துப் பார்த்தாயிற்று. களிம்பு பூசிப் பார்த்தாயிற்று. அது அவளுக்கும் தெரியும்.

"கொஞ்ச நாள் மனுஷனா இருந்துட்டேன் வடிவு. அவ்வளவுதான்."

அவள் உள்ளே போய் மாத்திரையும் தம்ளரும் எடுத்து வந்தாள். நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பாள், அப்புறம் காலில் விழுந்திருப்பாள்.

அவர் வாங்கி வாயில் போட்டார். தண்ணீரைக் குடித்தார்.

கொல்லைப் பக்கம் போகவில்லை. எழுந்து வந்து அவள் எதிரே நின்றார். அவள் கேட்காமலேயே ஆவென்று வாயைத் திறந்து காட்டினார்.

நல்ல வெளிச்சம். ஒரு எட்டு முன்னால் வைத்தால் நாக்குக்கு அடியில் மாத்திரை இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.