லிஃப்ட்டில் ஏறிய தம்பி

ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. விளக்கும் அணைந்தது.

உள்ளே இரண்டே பேர். அண்ணன், தம்பி. பேச்சுவார்த்தை நின்று ஆறு வருடம் ஆகிறது.

அப்பா விட்டுப்போன இரும்புச் சாமான் கடைதான் காரணம். கடைக்குப் பெரிய விலை இல்லாதவரை ஒரு டீயை வாங்கி இருவரும் பாதிப் பாதி குடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கடைக்கு எதிரே பெரிய சாலை வந்தது. சதுர அடி இவ்வளவு போகும் என்று தரகர்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். முதலில் டீ தனித்தனியானது. அப்புறம் வக்கீல்களும் தனித்தனியானார்கள்.

இன்று ஏழாவது மாடியில், தம்பியின் வக்கீல் அறையில் கடைசிக் கையெழுத்து. கடையை விற்று ஆளுக்குப் பாதி. அத்தோடு நீ யாரோ, நான் யாரோ.

அண்ணன் நிம்மதியாகத்தான் கிளம்பி வந்திருந்தார். தலைமுழுகிவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக்கூட வந்தார். லிஃப்ட்டில் ஏறி ஏழாம் எண்ணை அழுத்தினார். கதவு மூடப்போகிற நேரத்தில் தம்பி குறுக்கே கையை விட்டு உள்ளே புகுந்தான். இவன் மூஞ்சியில் விழிக்காமல் ஏழு மாடி போக முடியாதா என்று எரிச்சலாக வந்தது. எத்தனை பேர் ஏறலாம் என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டு நின்றார்.

இப்போது அதையும் படிக்க முடியவில்லை. கும்மிருட்டு.

கொஞ்ச நேரத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. உள்ளே போன காற்று வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மூச்சு.

அண்ணனுக்கு அந்த மூச்சைத் தெரியும்.

சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது தம்பி பீரோவுக்குள் ஒளிந்துகொண்டான். கதவு சிக்கிக்கொண்டது. பூட்டுக்காரர் வந்து திறந்தபோது அவன் இப்படித்தான் மூச்சு விட்டான். அன்றிலிருந்து மூடிய கதவு என்றாலே அவனுக்கு ஆகாது. அவன் குளித்து முடிக்கும்வரை அண்ணன் வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் போச்சு, சோப்பு நுரையோடு வாசல்வரைக்கும் ஓடி வந்துவிடுவான். விருந்தாளிகள் இருக்கும்போது ஒரு தடவை வந்தும் இருக்கிறான்.

தினமும் பேச விஷயத்துக்கு எங்கே போவது? அண்ணன் கடை அலமாரியைத் தட்டுத் தட்டாக ஒப்பிப்பார்.

இத்தனையும் ஆறு வருடத்தில் அவருக்கு மறந்தே போயிருந்தது.

இருட்டில் முதுகு சுவரில் உரசிச் சரிகிற சத்தம். தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். மாமா, சித்தப்பா என்று எத்தனையோ பேர் சமாதானம் பேசியும் அசைந்துகொடுக்காத வீறாப்பு அது. எந்த வழியாகப் போனதென்று தெரியவில்லை.

"மேல் தட்டுல ஒரு இன்ச் ஆணி. பக்கத்துல ரெண்டு இன்ச். அதுக்கப்புறம் கீல், தாழ்ப்பாள்..."

மூச்சு இன்னும் அடம்பிடித்தது. அண்ணன் விடவில்லை. இரண்டாவது தட்டுக்கு வந்தார். திருகாணி, வாஷர், சங்கிலி. ஆறு வருடமாகச் சதுர அடியாக மட்டுமே கண்ணில் தெரிந்த கடை, அப்பா அடுக்கிவைத்தபடியே வந்து நின்றது. சொல்லிக்கொண்டே அவரும் கீழே உட்கார்ந்தார். கை தானாகப் போய்த் தம்பியின் தலையைத் தேடியது. முடி பாதி உதிர்ந்திருந்தது. அது எப்போது உதிர்ந்தது என்று அவருக்குத் தெரியாது.

மூன்றாவது தட்டில் பாதி தாண்டியிருப்பார்.

"கொக்கிய விட்டுட்டியே அண்ணா."

அண்ணனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கரண்டை நிறுத்திய புண்ணியவான் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதார நினைத்தார். இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தினாலும் பரவாயில்லை. அலமாரியில் தட்டுகள் நிறைய இருந்தன.

அதற்குள் விளக்கு வந்துவிட்டது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஏழாவது மாடிக்குப் போய் நின்றது. கதவு பாதியில் சிக்க, படியேறி ஓடி வந்திருந்த காவலாளி வெளியிலிருந்து இழுத்துத் திறந்தார். தம்பி முகம் கழுவப் போனான்.

காவலாளி அவன் போன திசையையே பார்த்தார்.

"நீங்கதான் அண்ணனா சார்? கேஸ் ஆரம்பிச்சதுலேருந்து பாக்குறேன், அவரு ஒரு நாள்கூட லிஃப்ட்ல ஏறினதில்ல. ஏழு மாடியும் படிதான். இன்னிக்கு ரொம்ப நேரமா கீழயே நின்னுட்டிருந்தாரு. அண்ணன் வந்துட்டாரா வந்துட்டாரான்னு கேட்டுட்டே இருந்தாரு. நீங்க லிஃப்ட்ல ஏறினதப் பாத்ததும் ஓடி வந்து ஏறிட்டாரு."

அண்ணன் காவலாளியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கதவைத் திறந்ததற்குத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்துக் காவலாளி கூச்சத்தோடு தலையசைத்தார்.

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். எதிரே வக்கீல் அறைக் கதவு திறந்திருந்தது. மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருந்தன. அண்ணன் அந்தப் பக்கம் போகவில்லை. தம்பியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டை நோக்கித் திரும்பினார்.

ஏழு மாடியும் இறங்கி முடிக்கும்வரை அவர் பேச்சை நிறுத்தவே இல்லை.