முன் கண்ணாடிக்குப் போன கை

ஜவுளிக்கடையின் முன் கண்ணாடிக்குள் பட்டுப்புடவை கட்டி நின்ற பொம்மையை மூன்றாம் மாடி நைட்டிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் இடத்தில் தலையும் கையும் இல்லாத ஒரு புதுப் பொம்மை நின்றது.

"முகமே இல்லாதவளுக்கு முன்வாசலா?" என்று பொருமினாள் பழையவள்.

"உங்களுக்கு நைட்டியாவது இருக்கு அக்கா," என்றது கடை ஏணி. "என் மேல ஏறி அலங்காரம் பண்ணின நாலு பேர்ல மூணு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

கல்யாண சீசன் வந்தது. மிஞ்சியிருந்த அலங்காரக்காரர் இருதயராஜ் மாடியேறி வந்து அவள் தோளைத் தொட்டார்.

"பாத்தியா, என்னைத் தேடி வந்துட்டாங்க," என்றாள் ஏணியிடம்.

அவரோ புதியவளுக்கு மாட்டி வளையல் காட்டுவதற்காக, பழையவளுடைய வலது கையை மட்டும் கழற்றி, ஏணியையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் ஏணி மறுபடி மேலே வந்தது. "அக்கா, கீழே எல்லாரும் அந்தக் கையைத்தான் நின்னு பாக்குறாங்க. உங்க கைதானே, சந்தோஷப்படுங்க."



"இத்தனை வருஷம் என்கூடவே இருந்துச்சு," என்றாள் பொம்மை. "கூப்பிட்டதும் ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருச்சு பாரு."