இந்த மாசக் கட்டணம்

“சார், இந்த மாசம் கட்டணம் ஏன் பிடிக்கலை?”

மர்யம் பாஸ்புக்கை நீட்டினாள். வங்கி மேலாளர் இளம்பரிதி சிரித்தார்.

“பிடிச்சுட்டீங்கன்னுதான் எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. பிடிக்கலைன்னு அழறது நீங்க ஒருத்தர்தாம்மா.”

“பாத்துச் சொல்லுங்க சார்.”

“அது வெளிநாட்டு ஏடிஎம் கட்டணம். எவனோ உங்க வீட்டுக்காரர் கார்டுல மஸ்கட்ல பணம் எடுக்கறான். நான்தான் பிளாக் பண்ணினேன். அப்புறமும் மூணு தடவை கார்டைப் போட்டிருக்கான். இன்னிக்குக் காலையில கூட.”

“காலையிலயா?” மர்யம் விம்மினாள். “அது அவங்கதான் சார்! மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனவங்க, ரெண்டு வருஷமா போன் கிடையாது, தகவல் கிடையாது. இந்தக் கட்டணத்தைப் பாத்துத்தான் உசுரோட இருக்காங்கன்னு தெரிஞ்சு, மாசாமாசம் கணக்குல ஆயிரம் போடுறேன். பிளாக்கை எடுத்து விடுங்க சார், பசியோட மெஷின் முன்னால நிப்பாங்க.”