முப்பது பூட்டுக்காரர்கள்

இந்த ரொட்டியின் மேல் சத்தியம். சொல்வதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் அடுத்த வாய் என் தொண்டையிலேயே நிற்கட்டும்.

கும்ரி நகரில், என் தங்கை வீட்டுப் பின்னறையில், கல்யாண உடுப்போடு ஷோகெரும் தாய்மாமன் நானும் மாட்டிக்கொண்டோம்.

காற்று கதவை அறைந்து சாத்தியது. ஷோகெர் ஓடிப்போய்ப் பிடியை ஆட்டிப் பார்த்தாள். பூட்டு சிக்கிக்கொண்டது என்றாள்.

சாவியைக் காணோம். ஜன்னலில் இரும்புக் கம்பி.

மறுநாள் பெருநோன்பு தொடங்குகிறது. மதியத்துக்குள் தேவாலயம் போய்ச் சேராவிட்டால் ஈஸ்டர் முடியும்வரை கல்யாணப் பேச்சே கிடையாது.

அதற்குள் குழலும் மேளமுமாக மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். நான் கதவை இடித்தேன்.

தப்பு அங்கேதான். எங்கள் பக்கம் பெண்ணை அழைக்க வருகிறவர்களைப் பெண்ணின் சகோதரன் கதவை அடைத்து நிறுத்துவான். பணம் வைத்தால்தான் வழி. ஷோகெருக்குச் சகோதரன் இல்லை. மாமன் இடித்தால் என்ன நினைப்பார்கள்?

கதவுக்கடியில் ஆயிரம் திராம் நோட்டு ஒன்று நுழைந்தது.

"அட நெசமாவே மாட்டிக்கிட்டோம்யா," என்றேன்.

"மாமா நல்லா நடிக்கிறாரு. இன்னொண்ணு தள்ளுங்கடா," என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

இத்தனைக்கும் அவர்கள் குடும்பப் பெயர் சிலிங்கர்யான். சிலிங்கர் என்றால் பூட்டுக்காரன். வெளியே முப்பது பூட்டுக்காரர்கள். ஒருவன் பல் வைத்தியன், ஒருவன் பாலாடைக்கட்டி வியாபாரி, மிச்சமெல்லாம் டாக்ஸி.

அதில் ஆச்சரியமில்லை. ஆதி சிலிங்கர், கார்ஸ் கோட்டையில் துருக்கிப் பாஷாவின் கஜானாவுக்குப் பூட்டுப் போட்டவன். அவ்வளவு நல்ல பூட்டு; அவனாலேயே திறக்க முடியவில்லை. ஓடினான். அடுத்த ஊரில் ஒரு மடத்தைப் பூட்டினான், ஓடினான். ஓடிய ஊரிலெல்லாம் ஒரு பெண்டாட்டி, ஒரு பிள்ளை. இன்றைக்கு ஆர்மீனியாவில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தாலும் ஒரு சிலிங்கர்யான் மண்டையில் போய் விழுவது இதனால்தான். கஜானா இன்னும் திறந்தபாடில்லை.

சிரிக்கட்டுமே என்று இதை ஷோகெரிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கதவில் காதை வைத்திருந்தாள்.

"எல்லாரும் பேசறாங்க மாமா. பெனிக் குரல் மட்டும் கேக்கவே இல்ல."

பெனிக்தான் மாப்பிள்ளை. நிச்சயமானதிலிருந்து அவனுக்காகப் பேசியதெல்லாம் சித்தப்பாக்கள். அவன் தலையாட்டுவான், அவ்வளவுதான்; தானாக ஒரு காரியம் செய்து அவள் பார்த்ததில்லை.

நோட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அறையில் பூக்களின் வாடை மூச்சை அடைத்தது. தூரத்தில் தேவாலய மணி அடித்தது. என் கழுத்துப் பட்டன் தெறித்து விழுந்தது. ஷோகெர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்கப்போகிறவளைப் போலக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது 'டொக்' என்று ஒரு சத்தம். பூட்டுப் பக்கமல்ல, கீல் பக்கம்.

இன்னொரு 'டொக்'. இன்னொன்று.

கதவு முழுதாகப் பெயர்ந்து வெளியே சாய்ந்தது. அதை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, கல்யாண சூட்டெல்லாம் எண்ணெயாக, பெனிக் நின்றான். அப்போதும் அவனால் பேச முடியவில்லை. மூன்று கீல் ஊசிகளையும் வாயில் கவ்வியிருந்தான்.

பின்னால் முப்பது பூட்டுக்காரர்களும் நோட்டும் கையுமாக வாயைப் பிளந்து நின்றார்கள்.

அன்று முதல் தடவையாக ஷோகெர் சிரித்தாள்.

தேவாலயத்துக்கு ஓடினோம். அவள் மட்டும் வலது காலை நொண்டினாள். புது ஷூ கடிக்கிறது என்றாள். பாதிரியார் விளக்கை அணைக்கக் கை நீட்டிய நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

சாயங்காலம் விருந்தில் அவள் ஆடும்போது அந்த ஷூ கழன்று என் காலடிக்கு உருண்டு வந்தது.

பின்னறைச் சாவி அதற்குள் இருந்தது.