ஒரு சத்தமும் கேட்கலையே!

"ஏங்க, இப்பவாச்சும் சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்டாள் முருகம்மாள்.

"ஒண்ணும் கேக்கல. செத்த சும்மா இருக்கியா?" என்று எரிந்து விழுந்தார் ஆண்டிச்சாமி. அவர் காதும் கண்மாய்ப் பக்கம்தான் இருந்தது.

கண்மாய்க்கு அந்தப்புறம் உள்ள வாடகை ஷெட்டில் இன்று மகள் சினேகாவுக்குச் சோதனை நாள். வேதியியல் படித்த பெண். சீமைக்கருவேலங் கரியை மூட்டை மூட்டையாக வாங்கி, உலையில் வாட்டி, மாவாக அரைத்து, ராப்பகலாக என்னமோ செய்துகொண்டிருந்தாள். என்னவென்று கேட்டால், "பலிக்கட்டும், சொல்றேன். இல்லாட்டி தெருவே கேலி பண்ணும்" என்பாள்.

அவள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எம். புதுப்பட்டியில் கரித்தூளை வைத்து என்ன செய்வார்கள் என்று முருகம்மாளுக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிற கை அது!

கோயம்புத்தூர் கம்பெனிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். சரக்கு தேறினால் ஆர்டர். தேறாவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டு நாளை காலை அம்மாவோடு பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிவிடுவதாகச் சினேகா சொல்லியிருந்தாள். அதை நினைத்து நினைத்து முருகம்மாள் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். தன்னோடு போகட்டும் இந்த வெடிமருந்து வாடை.

"மாரியாத்தா, ஒரே ஒரு சத்தம். ஊரே அதிரணும்!"

ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிகள் லீவு. குண்டூசி விழுந்தாலும் கேட்கும். ஆனாலும் பொழுது சாயும்வரை ஒன்றுமே கேட்கவில்லை.

சினேகா வந்து நின்றாள். முகமெல்லாம் கரி.

"என்னத்தா, வெடிக்கலையா?"

"வெடிக்கவே இல்லம்மா!" என்று சிரித்தாள்.

துக்கம் முற்றிப்போய்ச் சிரிக்கிறாள் என்று பதறி, முருகம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"மருந்து நமத்துருக்கும் தாயி. நாளைக்கு நல்ல வெயில்ல காயவச்சா சரியாப் போயிரும்" என்று ஆறுதல் சொன்னார் ஆண்டிச்சாமி.

"ஆணிய எறக்கிப் பாத்தாகப்பா. சூட்டுல வச்சுப் பாத்தாக. ஒரு பொறி வரணுமே! புஸ்ஸுன்னுகூடச் சொல்லல!"

"அம்புட்டுப் பாடும் வீணாப் போச்சே!" முருகம்மாளுக்கு அழுகை முட்டியது. "அவுக என்னதான் சொன்னாக?"

"கைதட்டுனாக. ஆர்டர் குடுத்துட்டாக!"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெடிக்காத வெடியைக் காசு கொடுத்து எவன் வாங்குவான்?

சினேகா அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். அம்மா முகத்திலும் கரி ஒட்டிக்கொண்டது.

"வெடிச்சிருந்தாத்தாம்மா ஆர்டர் போயிருக்கும். நான் செஞ்சது வெடியில்ல. நம்ம கருவேலங் கரியையும் உப்புல இருக்கிற சோடியத்தையும் வச்சு, வண்டி ஓடுறதுக்கு, ஆணி குத்துனாலும் வெடிக்காத ஒரு பேட்டரி!"